நாலாவது வாரத்தில் ஒரு கண் பரிசோதனை

குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையைப் பற்றி வீட்டார் கேட்பதெல்லாம் மூச்சு, எடை, பால் இறங்குகிறதா என்பதுதான். கண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றாது, ஏனென்றால் வெளியே ஒரு குறையும் தெரியாது. சிவக்காது, நீர் வடியாது, பீளை கட்டாது. சில மாதம் கழித்துக் கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று கவனிக்கும்போது பெரும்பாலும் விழித்திரை கழன்று போயிருக்கும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும், ஆர்ஓபி என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த நோயில் என்னை உலுக்குவது இதுதான்: தடுக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்கள் மட்டுமே.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கருவின் 16-வது வாரம் வாக்கில் பார்வை நரம்பின் அருகே முளைத்து, வேர் மாதிரி விளிம்பை நோக்கிப் படர்கின்றன. மூக்குப் பக்க விளிம்பைத் தொட ஏறக்குறைய 36 வாரம், காதுப் பக்கம் 40 வாரம் ஆகும். 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

அப்புறம் நடப்பதுதான் விசித்திரம். கருப்பைக்குள் ஆக்ஸிஜன் குறைவு, அந்தக் குறைவால்தான் விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது, அதைத் தேடித்தான் குழாய்கள் வளர்கின்றன. வெளியே வந்ததும் வெறும் காற்றிலேயே ஆக்ஸிஜன் அதிகம், அதற்கு மேல் மூச்சுக்காகக் கொடுப்பதும் சேர்ந்தால் புரதம் குறைந்து குழாய்கள் அப்படியே நின்றுவிடும். விழித்திரை மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். சில வாரத்தில் குழாய் எட்டாத விளிம்புப் பகுதி ஆக்ஸிஜனுக்குத் தவித்து அதே புரதத்தை அளவில்லாமல் கொட்ட, புதுக் குழாய்கள் தாறுமாறாகக் கிளம்பி, விழித்திரையை விட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழுக்குள் ஏறி, கசிந்து, தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்துவிடுகின்றன. பிறந்த அன்றே கண்ணைப் பார்த்துப் பயனில்லை என்பது இதனால்தான், நோய் அப்போது இருக்காது. நாலாவது வாரம் வாக்கில் பார்ப்பதுதான் பொதுவான வழக்கம், மிகச் சின்னக் குழந்தைகளுக்குச் சில நாடுகளில் இன்னும் முன்னாலேயே.

அப்படியானால் ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டால் போதாதா? 1942-ல் பாஸ்டனில் டெர்ரி என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தார். 1950-களில் ஆக்ஸிஜன்மேல் பழி உறுதியானதும் அதைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, குழந்தைகளின் இறப்பு கூடியது. இன்றும் இழுபறிதான். 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ரத்த ஆக்ஸிஜனை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்தபோது கண் நோய் குறைந்தது, ஆனால் இறப்பு அதிகம். ஆகவே உயிருக்குத் தேவையானதைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் தேதி தவறாமல் பார்ப்பதுதான் வழி. யாருக்குப் பார்ப்பது என்ற கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் பிறந்தபோது எடை 1500 கிராம் அல்லது கர்ப்பகாலம் 30 வாரம் வரை, இந்தியாவில் 2000 கிராம் அல்லது 34 வாரத்துக்குக் கீழ்.

பரிசோதனை பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, மரத்துப்போக இன்னொரு சொட்டு விட்டு, துணியில் இறுகச் சுற்றி, சின்னக் கம்பிக் கவ்வியால் இமைகளைப் பிரித்து வைப்பார்கள். மருத்துவர் தலையில் விளக்கு, கையில் லென்ஸ். விளிம்பு தெரிவதற்காக ஒரு மெல்லிய கருவியால் கண்ணை ஓரத்தில் லேசாக அழுத்துவார். நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் விட்டால் வலி கொஞ்சம் குறையும். குழந்தை வீறிட்டு அழும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே அவர் தேடுவது குழாய்கள் நின்ற இடத்தில் கோடு இருக்கிறதா, அது மேடாகிவிட்டதா, நடுவே உள்ள குழாய்கள் புடைத்து நெளிகின்றனவா என்பதை. நெளிந்திருந்தால் சிகிச்சை பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள். லேசான நோய் பல குழந்தைகளுக்குத் தானாகவே அடங்கிவிடும், ஆனாலும் குழாய்கள் விளிம்பை எட்டும்வரை வாரம் தோறுமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ பார்த்தாக வேண்டும்.

லேசர் செய்வது குழாய் இல்லாத விளிம்பைச் சுட்டுவிடுவது. சுட்ட திசு அந்தப் புரதத்தைச் சுரக்காது. ஓரப் பார்வையில் கொஞ்சம் கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். இன்னொன்று, அந்தப் புரதத்தையே முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவது. சில நாளிலேயே குழாய்கள் அடங்கும், விளிம்பும் சுடப்படாமல் மிஞ்சும். சரி, ஆனால் மருந்தின் வேகம் தீர்ந்ததும் நோய் பல வாரம் கழித்துத் திரும்பலாம். அதற்குள் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும், எடை கூடியிருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கியிருக்கும், டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய அடுத்த தேதி அலமாரிக்குள் கிடக்கும்.