கொலுசு கருக்கும் என்றே எழுதுங்கள்

சேலத்தில் கடைக்காரர்களுக்கு இணையதள வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் தங்கும் விடுதி என்று யார் வந்தாலும் கையில் ஒரு தாள் இருக்கும். 'உலகத் தரம், நம்பிக்கையின் மறுபெயர், நூறு சதவீதத் திருப்தி' என்று அதில் எழுதியிருக்கும். கடைப் பெயரை மறைத்துவிட்டால் எந்தத் தாள் யாருடையது என்று எனக்கே தெரியாது. வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

போன தீபாவளிக்கு முன்னால் சிவதாபுரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "போன்ல கூப்பிடறவங்க என்னங்கண்ணா கேக்கறாங்க?" என்றேன்.

"அதே நாலு கேள்விதான் தம்பி. எத்தனை டச்சு? கருக்குமா? திருகு கழண்டு விழுமா? திருப்பிக் கொடுத்தா எவ்வளவு கழிப்பீங்க?"

அந்த நாலில் ஒன்றுக்குக்கூடத் தாளில் பதில் இல்லை. தினமும் வாயால் பத்துப் பேருக்குச் சொல்கிற பதிலை, எழுத உட்கார்ந்ததும் மறந்துபோயிருக்கிறார். எல்லாக் கடைக்காரர்களும் இப்படித்தான். பேசும்போது பிரமாதமாக விற்பார்கள், பேனாவை எடுத்தால் கல்யாணப் பத்திரிகை நடை வந்துவிடும்.

அந்த நாலு கேள்விகளையே பக்கத்தின் நாலு தலைப்புகளாக்கினேன். 80 டச்சு என்றால் 100 கிராமில் 80 கிராம் வெள்ளி, மீதி செம்பு போன்ற கலப்பு என்று முதலில் எழுதினேன். அப்புறம் இப்படி: "கொலுசு கருக்கும். வியர்வையும் காற்றில் இருக்கும் கந்தகமும் பட்டால் வெள்ளி கருக்கத்தான் செய்யும். கொண்டுவாருங்கள், மெருகு போட்டுத் தருகிறோம்."

படித்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "தம்பி, நீங்களே என் கடையைக் கவுத்துருவீங்க போல!"

கருக்காது என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். வாங்கியவர் மூன்றாம் மாதம் கறுத்த கொலுசோடு வந்து நிற்பார். அது கடைக்குள் நடக்கும் சண்டை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பக்கம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. சொந்த இணையதளத்தில் எழுதுவதும் விளம்பரம்தான் என்பது நம்மூரில் பலருக்கு உறைப்பதில்லை. மேலே தமிழில் பெரிதாக 'இலவசம்' என்று போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதும் பழக்கம் இருக்கிறதே, அதுவும் கூடாது. சொன்ன மொழியிலேயே நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள். 'இன்னும் பத்தே நிமிடம்' என்று பொய்யாக ஓடும் கடிகாரத்தை 2023-இல் தடை செய்துவிட்டார்கள்.

மலை மேலே கதை வேறு. ஏற்காட்டுக் காபி விற்கும் தளம் என்றால், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்த கதையில்தான் தொடங்கும். உண்மைதான். ஆனால் அந்தக் கதை மலையில் உள்ள எல்லாத் தோட்டத்துக்கும் பொது. உங்கள் தூளை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஒரு தோட்டக்காரர் 'சுத்தமான காபித்தூள், சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்' என்று எழுதி வந்தார். பாக்கெட்டைத் திருப்பினால் சிக்கரி 30 சதவீதம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் விடுவதில்லை. அந்த வரியை அங்கேயே அடித்தேன். சிக்கரி கலப்பதில் குற்றமில்லை. காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட்டால் சரி. அதை ஏன் ஒளிக்க வேண்டும்? நம் வீட்டு டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்குவதே சிக்கரியால்தானே! "70 காபி, 30 சிக்கரி. இரண்டாம் டிகாக்‌ஷனிலும் நிறம் நிற்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டாம் டிகாக்‌ஷன் விஷயம் நான் கண்டுபிடித்ததில்லை, டம்ளரை நீட்டும்போது அவர் மனைவி சொன்னது.

கொலுசுக்காரர் அரை மனதோடுதான் பக்கத்தை ஏற்றினார். பொங்கலுக்கு அப்புறம் போன் வந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"தம்பி, அந்தக் கருக்கும்னு ஒரு வரி போட்டீங்கல்ல... வெளியூர்க்காரங்க கூரியர்ல அனுப்பினாலும் மெருகு போட்டுத் தருவோம்னு அதுக்குக் கீழ சேர்த்துருங்க. மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா கேக்கறாங்க. போக வரக் கூரியர் செலவு அவங்களதுன்னு மறக்காம போடுங்க."