சொல் விளக்கம்: ஓய்வுநாள்

சிங்கப்பூரில் "உனக்கு ஓய்வு நாள் எப்போது?" என்று கேட்டால் யாரும் வேதாகமத்தைப் புரட்டமாட்டார்கள், "புதன்கிழமை ஆஃப்" என்பார்கள். வேலை நியமனச் சட்டம் தரும் வாராந்தர விடுப்புக்கும் தமிழில் இதே பெயர்தான். பத்துக் கட்டளைகளில் ஒன்றான யாத்திராகமம் 20:8 "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்னும்போது அது பேசுவது வேறொன்றை. ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று சபைகளில் நடக்கும் வாதம் பாதி நேரம் சுற்றிச் சுற்றி வருவதற்கு இந்த ஒரு சொல் இத்தனை வேலை பார்ப்பதும் ஒரு காரணம்.

எபிரேய மூலம் ஷபாத். அதன் வினைச்சொல்லுக்கு அடிப்படைப் பொருள் 'நிறுத்து', 'விட்டுவிடு'. ஏழு என்னும் எபிரேயச் சொல் ஷெவா. ஒலி நெருங்கி வருவதால் ஷபாத் என்றாலே 'ஏழு' என்று பிரசங்கங்களில் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டுக்கும் வேரின் கடைசி எழுத்தே வேறு. ஏழாம் நாளில் நிறுத்தியதால் அந்த நாளுக்கு அந்தப் பெயர் வந்தது, எண்ணிலிருந்து வரவில்லை.

இதற்கு நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'ஓய்' என்னும் வினையை எடுத்தது நல்ல தேர்வு. மழை ஓய்ந்தது, சத்தம் ஓய்ந்தது என்கிறோம். மழைக்குக் களைப்பு ஏது? நின்றது, அவ்வளவுதான். ஆதியாகமம் 2:2-இல் "ஏழாம் நாளிலே ஓய்ந்திருந்தார்" என்பதும் அப்படியே. கடவுளுக்குக் களைப்பு வருமா என்ற ஞாயிறு பள்ளிக் கேள்விக்குத் தமிழ் வினையே விடை வைத்திருக்கிறது. ஆனால் யாத்திராகமம் 20:11-இல் எபிரேயம் வேறொரு வினையைப் பயன்படுத்துகிறது; அதற்கு இளைப்பாறுவது, நிலைகொள்வது என்ற பொருள் உண்டு. தமிழில் அங்கேயும் 'ஓய்ந்திருந்தார்' என்றே இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே 'ஓய்வுநாளுக்கும் இளைப்பாறுதலுக்கும் தொடர்பே இல்லை' என்று மறுபக்கம் ஓடுவதும் சரியல்ல.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இது சபத்தோன் ஆனது. அங்கே அதற்கு இரண்டு பொருள்: ஏழாம் நாள், முழு வாரம். லூக்கா 18:12-இல் பரிசேயன் "வாரத்தில் இரண்டுதரம்" உபவாசிப்பதாகச் சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது சபத்தோன்தான். மத்தேயு 28:1-இல் ஒரே வசனத்தில் இரண்டு முறை வருகிறது. தமிழ் முதலாவதை 'ஓய்வுநாள்' என்றும் இரண்டாவதை 'வாரம்' என்றும் சரியாகப் பிரித்திருக்கிறது. கிரேக்க அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு, "வாரத்தின் முதல் நாள் என்பதே பிழை, ஓய்வுநாள்களில் ஒன்று என்றிருக்க வேண்டும்" என்று வாதிடுபவர்கள் இந்த வழக்கைக் கவனிப்பதில்லை. பரிசேயன் ஓய்வுநாளுக்குள் இரண்டு முறை உபவாசிக்க முடியாதே.

தமிழ் கோட்டைவிட்ட இடம் எபிரெயர் 4:9. மூலத்தில் சபத்திஸ்மோஸ், அதாவது ஓய்வுநாள் ஆசரிப்பு. பழைய தமிழில் "இளைப்பாறுகிற காலம்". தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்த வசனம் ஓய்வுநாள் விவாதத்துக்குள் எப்படி வந்தது என்றே விளங்காது.

சரி, ஏழாம் நாள் எது? தமிழ் வார வரிசை ஞாயிற்றில் தொடங்குவதால் நமக்குச் சனி என்பதில் குழப்பமில்லை. இங்கே மற்ற மொழிகளும் காதில் விழுகின்றனவே. மலாயில் சனிக்கிழமை சப்து. அரபு வழியாக வந்த அதே ஷபாத். ஞாயிறு அஹாட், 'ஒன்று'. மிங்கு என்ற இன்னொரு பெயர் போர்த்துகீசிய தொமிங்கோ, 'ஆண்டவருக்குரியது'. சீனத்திலோ திங்கள் ஒன்றாம் நாள், சனி ஆறாம் நாள். திங்களில் தொடங்கும் ஐஎஸ்ஓ 8601 என்னும் சர்வதேசத் தர நாட்காட்டியும் அப்படியே. இவை எண்ணும் வசதிக்கான முறைகள். இவற்றைக் காட்டி ஞாயிறே ஏழாம் நாள் என்று நிறுவ முடியாது.

நாள் தொடங்கும் நேரமும் முக்கியம். வேதாகமக் கணக்கில் சாயங்காலம் தொடங்கி மறு சாயங்காலம் வரை. சிங்கப்பூரில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 6:50-க்கும் 7:20-க்கும் இடையில். ஆகவே சனியை ஆசரிக்கும் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபைக் குடும்பத்துக்கு ஓய்வுநாள் வெள்ளி மாலை ஏழு மணி வாக்கில் தொடங்கிவிடும். வெள்ளி இரவு ஷிப்ட்தான் அவர்களுக்குச் சிக்கல். சனி இரவு ஷிப்ட் அல்ல. கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றுவதும் இதே பழைய கணக்கின் தொடர்ச்சி.

விவாதத்தில் நிற்பவர்கள் இரண்டு அணி அல்ல, மூன்று. நான்காம் கட்டளை மாறவில்லை, நாளும் மாறவில்லை என்பவர்கள் ஏழாம்நாள் பாப்திஸ்துகளும், 1863-இல் சபையாக அமைந்த அட்வென்டிஸ்டுகளும். கட்டளை நிலைக்கும், நாள் உயிர்த்தெழுதலால் ஞாயிறுக்கு மாறிற்று என்பது பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் நிலை. அது ஞாயிற்றையே 'கிறிஸ்தவ ஓய்வுநாள்' என்கிறது. மூன்றாமவர்கள், ஓய்வுநாள் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டது, ஞாயிறு கூடிவரும் நாளே தவிர ஓய்வுநாள் அல்ல என்பவர்கள். அவர்கள் எடுப்பது, ஓய்வுநாள்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்னும் கொலோசெயர் 2:16. முதல் அணி அதற்கு, அங்கே சொல்லப்படுவது லேவியராகமம் 23-இன் பண்டிகை ஓய்வுநாள்கள் என்று பதில் சொல்லும். இரண்டாம் அணியோடு பேசும்போது மூன்றாம் அணிக்கான வசனத்தை வீசுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் வீண்வேலை.

'ஞாயிறு சட்டம்' என்பதையும் பிரித்துப் பேச வேண்டும். கி.பி. 321 மார்ச் 7-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இட்ட ஆணை, நீதிபதிகளும் நகரவாசிகளும் தொழில் செய்வோரும் சூரியனின் நாளில் ஓய்ந்திருக்கச் சொன்னது, உழவர்களுக்கு விலக்கு. அவர்தான் ஆராதனையை ஞாயிறுக்கு மாற்றினார் என்பது அடிபட்டுப்போகும் வாதம். 150-களிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடுவதை எழுதிவிட்டார். கூடுவது வேறு, வேலையை நிறுத்தச் சட்டம் போடுவது வேறு. அட்வென்டிஸ்டுகள் வெளிப்படுத்தல் 13-ஐ வைத்து எதிர்பார்க்கும் 'ஞாயிறு சட்டம்', வருங்காலத்தில் அரசு ஞாயிறு ஆசரிப்பைக் கட்டாயமாக்கும் என்ற தீர்க்கதரிசன விளக்கம். அதையும் வரலாற்றுச் சட்டங்களையும் ஒரே மூச்சில் பேசினால் கேட்பவர் தடுமாறுவார்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் சமயச் சாயல் இல்லை. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு; அது ஞாயிறாகவோ முதலாளி குறிக்கும் வேறு நாளாகவோ இருக்கலாம். ஷிப்ட் வேலைக்கு இடைவிடாத 30 மணி நேரம். பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் மாநிலம், 2014-இல் வார விடுமுறையை வெள்ளி, சனிக்கு மாற்றி, 2025 ஜனவரி 1-இல் மீண்டும் சனி, ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. அரசு தரும் ஓய்வு நாள் இப்படி நகரும். எனவே வேலை விடுப்பை 'ஓய்வு நாள்' என்று பிரித்தும் கட்டளையின் நாளை 'ஓய்வுநாள்' என்று சேர்த்தும் எழுதலாம். பேச்சில் அந்த இடைவெளி கேட்காது. அப்போது 'வார விடுப்பு' என்றே சொல்லிவிடலாம். ஞாயிறுக்குக் 'கர்த்தருடைய நாள்' (வெளி. 1:10), கத்தோலிக்க வழக்கில் 'ஆண்டவரின் நாள்'.

ஒலிபெயர்ப்புதான் வேண்டுமென்றால் சபத்து. 'சாபத்' வேண்டாம்: இரண்டாம் வேற்றுமை ஏற்றால் 'சாபத்தை ஆசரி' என்று விபரீதமாகும். 'சப்பாத்து' இன்னும் மோசம். யாழ்ப்பாண வழி வந்த குடும்பங்களில் அது காலணி.

கட்டளையின் எண்ணைச் சொல்லும்போதும் கவனம். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், அட்வென்டிஸ்ட் சபைகளில் அது நான்காவது. கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் மூன்றாவது.