உரமா, ஊட்டமா? ‘கார்பன் ஃபெர்டிலைசேஷன்’ சொல் விளக்கம்

காற்றில் கரியமில வாயு கூடும்போது மரம் செடிகொடிகளின் ஒளிச்சேர்க்கை வேகமெடுக்கும். இதற்கு அறிவியலில் ‘கார்பன் ஃபெர்டிலைசேஷன்’ என்று பெயர். தமிழில் எழுதுகிறவர்கள் ‘கார்பன் உரமிடல்’, ‘உரமாக்கம்’, ‘உரமேற்றம்’ என்று ஆளுக்கொன்றாகப் போடுகிறார்கள். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களைப் பற்றிய பேச்சில் சுத்தமாக ஒப்பவில்லை.

முதலில் வாயுவின் பெயர். வியாசர்பாடி டியூஷன் வகுப்பில் ‘கரிய மில வாயு’ என்று பிரித்துப் படிக்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். அது கரி + அமிலம் + வாயு. ‘கார்பானிக் ஆசிட் கேஸ்’ என்ற பழைய வேதியியல் பெயருக்கு நேர்த் தமிழ். லத்தீன் ‘கார்போ’வும் நம் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் போடும் அடுப்புக்கரியும் ஒன்றுதான். அமிலம் எங்கே வந்தது என்றால், இந்த வாயு தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலமாகும். கோலி சோடா நாக்கில் சுறுக்கென்று பிடிப்பது அதனால்தான். இலங்கையில் இது காபனீரொட்சைட்டு, நம் பாடநூலில் கார்பன் டை ஆக்சைடு. சுருக்கமாகக் ‘கரிவளி’ என்றே நான் எழுதுவேன்.

‘கேஸ்’ என்ற சொல்லையே உண்டாக்கியவர் 17ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர் வான் ஹெல்மான்ட். கரியை எரித்து வந்த வாயுவுக்கு அவர் வைத்த பெயர் ‘கேஸ் சில்வெஸ்ட்ரே’, அதாவது காட்டு வாயு. அவரே ஒரு வில்லோ கன்றைத் தொட்டியில் ஐந்து வருடம் வளர்த்தார். மண்ணின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்ததைப் பார்த்து, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டிவிட்டார். தான் பெயர் வைத்த வாயுதான் எதிரே கட்டையாக நிற்கிறது என்று மனிதருக்குத் தோன்றவே இல்லை!

சரி, ‘ஃபெர்டிலைசேஷன்’. லத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமப்பது. அதிலிருந்து வந்த ‘ஃபெர்டிலிஸ்’ என்றால் காய்த்துக் குலுங்கக் கூடியது, வளமானது. உயிரியல் பாடத்தில் இதே சொல்லுக்குக் கருவுறுதல் என்று பொருள். கவனிக்காமல் மொழிபெயர்த்தால் ‘கரிவளி கருவுறுதல்’ என்று விபரீதமாகிவிடும்.

தமிழில் உரம் என்பதன் பழைய பொருள் வலிமை. திருக்குறளின் 600ஆம் குறளில் உரம் என்பது மன ஊக்கம். அது இல்லாதவர்கள் மரங்கள், உருவத்தில் மட்டும் மனிதர்கள் என்கிறார் வள்ளுவர். ‘உரமேறிய உடம்பு’ என்பதில் இன்றும் அந்தப் பொருள்தான். வயலுக்குப் போடும் எருவுக்கும் அதே பெயர். ஆக, உரம் என்று சொன்னதும் இரண்டு வாக்குறுதி வந்துவிடுகிறது: மண்ணுக்குச் சத்து, மரத்துக்கு வலு. கரிவளி இரண்டையும் தருவதில்லை.

‘உரமாக்கம்’ இன்னும் சிக்கல். அது நிஜமாக நடக்கும் இடம் வடசென்னையின் மணலி. அங்குள்ள உரத் தொழிற்சாலையில் அமோனியாவையும் கரிவளியையும் சேர்த்துத்தான் யூரியா செய்கிறார்கள். அதற்கு அந்தச் சொல் பொருத்தம், காட்டுக்கு இல்லை.

காட்டில் நடப்பது வேறு. இலையில் ‘ருபிஸ்கோ’ என்ற நொதி கரிவளியைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. அது கொஞ்சம் தடுமாறும் நொதி, கரிவளி என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடும். காற்றில் கரிவளி கூடினால் அந்தத் தடுமாற்றம் குறைகிறது. இலைத்துளைகளும் முழுதாகத் திறக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரிவளி இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் மழைக்காட்டு மரங்கள் பருத்திருக்க வேண்டுமே?

பொலிவியா, கேமரூன், தாய்லாந்து காடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களின் வளர்ச்சி வளையங்களை அளந்து 2015இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 150 ஆண்டுகளில் தண்ணீர்ச் சிக்கனம் 30 முதல் 35 சதவீதம் கூடியிருக்கிறது. தண்டு வேகமாகப் பருத்ததற்குத் தடயமே இல்லை. காரணங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணை. அமேசானின் பெரும்பகுதி மண் மிகப் பழையது, மழையில் கரைந்து கரைந்து பாஸ்பரஸ் வற்றிப் போனது. சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் பாஸ்பரஸ் இல்லாமல் புதுத் திசு கட்ட முடியாது. சிட்னி அருகே முதிர்ந்த யூக்கலிப்டஸ் காட்டில், அதுவும் பாஸ்பரஸ் குறைந்த மண்தான், கரிவளியை ஊதிப் பார்த்தார்கள். மரங்கள் சுமார் 12 சதவீதம் கூடுதலாக உறிஞ்சின, ஆனால் தண்டில் அது சேரவில்லை; பெரும்பகுதி மண் வழியாகவும் மரத்தின் சுவாசம் வழியாகவும் காற்றுக்கே திரும்பியது. நம் வீட்டில் சொல்வார்களே, தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்று, அதுதான்.

இதற்கிடையே ஒரு பையன் கேட்டான்: “சார், அப்போ எண்ணூர்ப் பக்கம் இருக்கிற மரத்துக்கெல்லாம் ஜாலிதானே?” கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பக்கத்து அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் கரிவளி அங்கேயே தங்குவதில்லை. உலகக் காற்றோடு கலந்துவிடும். பக்கத்து வேப்பமரத்துக்குக் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதன் பங்குக்கு மிஞ்சுவது இலைமேல் படியும் சாம்பல்.

அதனால் என் தேர்வு ‘கரிவளி ஊட்டம்’. ஊட்டம் என்பது உள்ளே போவதைச் சொல்கிறது, பலனுக்கு உத்தரவாதம் தரவில்லை. ‘ஊட்டல்’ என்ற வடிவத்தை மனிதர் வேண்டுமென்றே செய்யும் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தச் சோதனைக்கு ஆங்கிலச் சுருக்கம் ‘ஃபேஸ்’. முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ‘திறந்தவெளிக் கரிவளி ஊட்டல்’ என்று விரித்துச் சொன்னால் போதும். பிரேசிலில் மனௌஸ் நகருக்கு வடக்கே ‘அமேசான்ஃபேஸ்’ திட்டத்துக்காக 30 மீட்டர் விட்டமுள்ள ஆறு கோபுர வளையங்கள் திட்டமிடப்பட்டன. மூன்றில் இயல்பைவிடப் பத்து லட்சத்தில் 200 பங்கு கூடுதல் கரிவளி, மற்ற மூன்றில் ஒப்பிடுவதற்காக வெறும் காற்று. வளையத்துக்குள் நடப்பது ஊட்டல். வெளியே, ஆற்றங்கரை வரை மற்ற மரங்களுக்கெல்லாம் நடந்துகொண்டிருப்பது ஊட்டம்.