கண்ணாடிக் குப்பியிலிருந்து கசியும் அலுமினியம்

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதே என்பார்கள். புளி உலோகத்தைக் கரைப்பது உண்மைதான். ஆனால் நாம் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதில்லை. போனதிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது. பாலைச் செரிக்கும் அளவுக்குக் குடல் தேறும்வரை சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, தாது உப்புகள் எல்லாமே ரத்தக்குழாய் வழியாக நேரே ஏறுகின்றன. சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. மிஞ்சும் அலுமினியம் எலும்பிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது.

சரி, அந்தக் கரைசலுக்குள் அலுமினியம் எங்கிருந்து வருகிறது? முக்கியக் குற்றவாளி, எலும்பு வளரட்டும் என்று நாம் சேர்க்கும் கால்சியம் குளுக்கோனேட். மருந்துக் குப்பியின் கண்ணாடியில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும். குளுக்கோனேட்டுக்கோ அலுமினியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் குணம். கிருமி நீக்குவதற்காகக் குப்பியை நீராவியில் சூடேற்றும்போது, அது கண்ணாடியிலிருந்து அலுமினியத்தை உருவி எடுக்கிறது. அப்புறம் அலமாரியில் இருக்கும் மாதங்களிலும் கசிவு தொடர்கிறது. கிருமியைக் கொல்லும் சூடே உலோகத்தை உள்ளே இறக்குகிறது!

இது பிள்ளையின் மூளையைத் தொடுமா என்று இங்கிலாந்தில் 227 குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல்; இன்னொன்றுக்கு அலுமினியம் குறைத்தது. பதினெட்டாம் மாதத்தில் பார்த்தபோது, வழக்கமான கரைசல் ஏறிய ஒவ்வொரு நாளுக்கும் மனவளர்ச்சி மதிப்பெண்ணில் சுமார் ஒரு புள்ளி குறைந்திருந்தது.

கால்சியம் குளோரைடுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். அதில் அலுமினியம் குறைவுதான். ஆனால் அது கால்சியமும் குளோரைடுமாக முழுவதும் பிரிந்துவிட, அந்தக் கால்சியம் கரைசலில் இருக்கும் பாஸ்பேட்டோடு எளிதில் கூடி வெள்ளை வீழ்படிவாகிவிடும். அந்தத் துகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. குளுக்கோனேட்டையே பிளாஸ்டிக் குப்பியில் அடைப்பது இதைவிட எளிய வழி. அலுமினியம் பல மடங்கு குறைகிறது.

அமெரிக்காவில் 2004 முதல் பெரிய பாட்டில்களுக்கு லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு. சிறிய குப்பிகளுக்கு வரம்பில்லை, அளவை லேபிளில் அச்சிட்டால் போதும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது. ஆனால் அலுமினியத்தில் பெரும்பகுதி வருவதே அந்தச் சின்னக் குப்பிகளிலிருந்துதான். கூட்டிப் பார்க்கும் வேலை மருந்தாளுநர் தலையில்.