டிட்ச் டெண்டரிடம் சொன்னது கிளெய்ம் ஆகாது

கால்வாயால் நஷ்டப்பட்டு, நஷ்டஈடு கேட்கும் கெடுவைத் தவறவிட்டு மறுபடியும் ஒருவர் வந்திருக்கிறார். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் தக்காளி போட்டவர். வயல்களுக்குத் தண்ணீர் விடும் அரசு அமைப்பான பாசன மாவட்டத்தின் கால்வாய்க் கரை உடைந்து, பறிக்கிற நிலையில் இருந்த பயிரெல்லாம் அழுகிவிட்டது. போட்டோ கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார். கிளெய்ம், அதாவது எழுத்தில் நஷ்டஈட்டுக் கோரிக்கை, கொடுத்தீர்களா என்றால், "அன்றைக்கே டிட்ச் டெண்டரிடம் சொல்லிவிட்டேனே, அவரும் நோட்டில் எழுதிக்கொண்டாரே" என்கிறார். கரை உடைந்து எட்டு மாதம் ஆகிறது.

டிட்ச் டெண்டர் மதகு திறப்பவர், நல்ல மனிதர். "மேலே சொல்கிறேன்" என்றால் சொல்லவும் செய்வார். ஆனால் அவரிடம் சொன்னாலும், சூப்பர்வைசரிடம் சொன்னாலும், ஆபீசுக்குப் பத்துத் தடவை போன் பண்ணினாலும் அது கிளெய்ம் ஆகாது. மேனேஜரே வந்து வயலைப் பார்த்துத் தலையாட்டினாலும் ஆகாது. மாவட்டத்தை நடத்தும் போர்டு அதிகாரம் கொடுத்திருந்தால் சின்னத் தொகையை அவர் தீர்த்துவைக்கலாம், அதற்கும் முதலில் எழுத்தில் கிளெய்ம் வேண்டும்.

1887இல், பாசன மாவட்டங்கள் அமைக்க வழிசெய்த ரைட் சட்டத்தின் கீழ் டர்லாக்கில் முதல் பாசன மாவட்டம் அமைந்த நாளிலிருந்தே இவை தேர்தல் வைத்து போர்டு அமைக்கும் அரசு அமைப்புகள். தனியார் கம்பெனியிடம் போவதுபோல் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. நிற்கும் பயிர், உடல் காயம், அசையும் பொருள் சேதம் என்றால் 6 மாதத்துக்குள் கிளெய்மைக் கொடுத்தாக வேண்டும். மற்றவற்றுக்குத்தான் 1 வருடம். பாதிப் பேர் அந்த ஒரு வருடத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்!

கொடுத்த பிறகும் தூங்கிவிடாதீர்கள். 45 நாளில் போர்டு எதுவும் செய்யாவிட்டால் நிராகரித்ததாகவே கணக்கு. பரிசீலனையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் நிராகரிப்பு வந்தால் வழக்குப் போட 6 மாதம்தான். பல மாவட்டங்கள் கிளெய்மை இன்சூரன்ஸ் பூலுக்கு, அதாவது மாவட்டங்கள் சேர்ந்து வைத்திருக்கும் காப்பீட்டு அமைப்புக்கு, அனுப்பிவிடும். அங்கிருந்து ஒருவர் இனிக்க இனிக்கப் பேசுவார், அதனால் இந்தக் கெடு நின்றுவிடாது.

6 மாதம் தாண்டிவிட்டதா? நஷ்டம் நடந்த 1 வருடத்துக்குள் காரணம் காட்டி, தாமதக் கிளெய்முக்கு அனுமதி கேட்கலாம். சட்டம் தெரியாது என்பது மட்டும் காரணமாக எடுபடாது.

எழுதும்போது பெயர், முகவரி, தேதி, இடம், என்ன நடந்தது, என்ன நஷ்டம் எல்லாம் இருக்கட்டும், கையெழுத்தும் போடுங்கள். 10,000 டாலருக்குள் என்றால் தொகையையும் கணக்கிட்ட விதத்தையும் எழுதுங்கள். அதற்கு மேல் என்றால் தொகையை எழுதவே கூடாது, சிறுவரம்பு சிவில் வழக்கா (தொகைக்கு உச்சவரம்பு உள்ள வழக்கு வகை) இல்லையா என்று குறித்தால் போதும். மாவட்டத்துக்கென்று படிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாவட்டச் செயலாளரிடம் நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை போடச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

மாவட்டத்துக்குப் பம்பு ரிப்பேர், குழாய் சப்ளை செய்தவர்களின் பில் வேறு வழியில் போகிறது. பெரும்பாலும் அது போர்டு கூட்டத்துப் பட்டியலில் ஏறி, ஒப்புதல் ஆன பிறகுதான் செக் வரும். பட்டியல் மூடிய மறுநாள் பில்லைக் கொடுத்துவிட்டு அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் சத்தம் போடாதீர்கள், அடுத்த கூட்டம்வரை அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.