160 மெகாஜூலை எங்கே கொட்டுவது? ஒரு பயணிகள் விமானம் நிற்கும் கதை

தரையிறங்க வரும் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நிறை ஏறத்தாழ 65 டன் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 136 நாட், அதாவது நொடிக்கு 70 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 160 மெகாஜூல் இயக்க ஆற்றல் வரும். அரை டன் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது தாராளமாகப் போதும். சக்கரம் தரை தொட்ட அரை நிமிடத்துக்குள் இந்த ஆற்றல் முழுவதையும் எங்காவது கொட்டித் தீர்த்தாக வேண்டும்.

மெத்தென்று இறங்கினால் நல்ல தரையிறக்கம், தடாலென்று இறங்கினால் மோசமான தரையிறக்கம் என்றுதான் பயணிகள் மதிப்பிடுகிறார்கள். அந்த அளவுகோல் தவறு. விமானம் ஓடுபாதைக்குள் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: எந்த வேகத்தில் வந்தது, எந்த இடத்தில் தொட்டது, தொட்ட உடனே எடை முழுவதும் சக்கரத்துக்குப் போனதா. முதல் இரண்டும் வானத்திலேயே முடிவாகிவிடுகின்றன.

மூன்று பாகைச் சரிவு

உலகின் பெரும்பாலான ஓடுபாதைகளுக்கு விமானங்கள் 3 பாகைச் சரிவில் வருகின்றன. 19 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் கீழே. ஒரு கடல் மைலுக்கு 318 அடி. 136 நாட் வேகத்தில் இது நிமிடத்துக்குச் சுமார் 720 அடி இறக்கம். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் ஏறக்குறைய இந்த எண் கிடைத்துவிடும்; விமானிகள் மனக்கணக்காகப் போடுவது இதைத்தான்.

இந்தச் சரிவைக் காற்றில் கோடு போட்டுக் காட்டும் கருவி ஐ.எல்.எஸ். இதில் இரண்டு பகுதிகள். ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் நிற்கும் லோக்கலைசர் ஆண்டெனா வரிசை இடம் வலம் காட்டும். பக்கவாட்டில், தொடக்க முனையிலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே நிற்கும் கிளைடு ஸ்லோப் ஆண்டெனா மேல் கீழ் காட்டும். இரண்டும் ஒரே தந்திரத்தில் வேலை செய்கின்றன. ரேடியோ அலையின் மேல் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை ஏற்றி அனுப்புகிறார்கள். இறங்கி வரும் விமானம் நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருந்தால் 90 ஓங்கி ஒலிக்கும். வலப்புறம் இருந்தால் 150. சரிவுக்கு மேலே 90, கீழே 150. இரண்டும் சரிசமமாக இருக்கும் இடமே பாதை. விமானத்தில் இருக்கும் ஏற்பி எதையும் அளந்து கண்டுபிடிப்பதில்லை, இரண்டு தொனிகளின் வலுவை ஒப்பிட்டு ஊசியை நகர்த்துகிறது, அவ்வளவுதான். 1938 ஜனவரியில் பனிப்புயலுக்கு நடுவே பிட்ஸ்பர்கில் இறங்கிய போயிங் 247 விமானம்தான் இந்த முறையில் தரையிறங்கிய முதல் அமெரிக்கப் பயணிகள் சேவை. அடிப்படை இன்றும் மாறவில்லை.

கிளைடு ஸ்லோப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஆண்டெனா தனக்கு முன்னால் உள்ள தரையையே கண்ணாடியாகப் பயன்படுத்துகிறது. நேராகப் போகும் அலையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்துதான் அந்த 3 பாகைச் சரிவு உருவாகிறது. அதனால் அங்கே நிலம் சமமாக இருக்க வேண்டும், புல் வளரவிடக் கூடாது. ஒரு வண்டி வந்து நின்றால்கூடக் கோடு வளைந்துவிடும். பனிமூட்டத்தில் ஐ.எல்.எஸ்.ஸை மட்டும் நம்பி விமானங்கள் இறங்கும்போது, புறப்படக் காத்திருக்கும் விமானங்களை ஓடுபாதையிலிருந்து இன்னும் தள்ளி நிறுத்திவைப்பது இதற்காகவே. தெறிப்பினால் இன்னொரு விளைவும் உண்டு: 9 பாகைக்கு அருகில் ஒரு பொய்ச் சரிவு உருவாகிறது. உயரமாக வந்து மேலிருந்து சரிவைப் பிடிக்கப் பார்க்கும் விமானத்தின் தானியங்கி விமானி இந்தப் பொய்க் கோட்டில் சிக்கலாம். சரிவை எப்போதும் கீழிருந்தே பிடி என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே.

தரை தெரிந்த பிறகு கண்ணுக்கு உதவுவது பாப்பி விளக்குகள். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள். ஒவ்வொன்றும் மேல்பாதி வெள்ளையாகவும் கீழ்பாதி சிவப்பாகவும் ஒளி வீசும், ஆனால் சற்றே வேறுபட்ட கோணங்களில். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவில் இருக்கிறோம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவு தாழ்ந்துவிட்டோம். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம்.

உயரமாக இருப்பது பாதுகாப்பானது என்று தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. ஓடுபாதையின் தொடக்க முனையை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும் என்பது விதி. 3 பாகைச் சரிவில் 50 அடி இறங்க சுமார் 290 மீட்டர் ஆகும். 100 அடியில் கடந்தால் இன்னொரு 290 மீட்டர் ஓடுபாதை காற்றிலேயே கரைந்துவிடும். வேகம் 10 நாட் கூடுதலாக இருந்தால், வர்க்கக் கணக்கில் ஆற்றல் 15 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்து வந்தால் பிரேக்கால் ஈடுசெய்ய முடியாது. அதனால்தான் 1,000 அடிக்கு இறங்குவதற்குள் சக்கரமும் இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளான ஃபிளாப்பும் முழுதாக இறங்கி, வேகம் குறித்த அளவுக்குள் நின்று, இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் எஞ்சினை முடுக்கி மேலே ஏறி, சுற்றிவந்து மறுபடி முயல வேண்டும். இந்தக் கோ-அரவுண்டைத் தோல்வியாகப் பார்க்கும் மனநிலை இருக்கும்வரை ஓடுபாதையைத் தாண்டி ஓடும் விபத்துகளும் இருக்கும்.

தொடும் முன் சில நொடிகள்

3 பாகைச் சரிவில் அப்படியே வந்து மோதினால் இறக்கவேகம் நொடிக்கு 12 அடி. பயணிகள் விமானத்தின் அண்டர்கேரேஜ், அதாவது சக்கரக் கால்கள், அதிகபட்சத் தரையிறக்க எடையில், நொடிக்கு 10 அடி இறக்கவேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மூக்கைச் சற்றுத் தூக்கி இறக்கத்தைத் தணிப்பது அழகுக்காக அல்ல, கட்டாயம். ஏ320 போன்ற விமானங்களில் சுமார் 30 அடியில் இது தொடங்கும். தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 'ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி' என்று குரல் கொடுக்கும் இடைவெளியின் வேகத்தைக் கேட்டே எவ்வளவு விரைவாகத் தரை நெருங்குகிறது என்பதை விமானி உணர்கிறார்.

இங்கேதான் மெத்தென்று இறக்கும் ஆசை குறுக்கே வரும். மூக்கை அதிகம் தூக்கினால் விமானம் தரையை ஒட்டி மிதக்கும். மிதக்கும் ஒவ்வொரு நொடிக்கும் 70 மீட்டர் போய்விடும். நீண்ட ஓடுபாதைகளில் தொடக்க முனையிலிருந்து 400 மீட்டரில் இரண்டு தடித்த வெள்ளைக் கட்டங்கள் வரைந்திருப்பார்கள், அவைதான் குறி. தொடுவதற்கான பகுதி முதல் 900 மீட்டரோடு முடிகிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையிலும் பின்காற்றிலும் இறங்கிய போயிங் 737, 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே தரையைத் தொட்டது. பாதி ஓடுபாதை அதற்குள் போய்விட்டிருந்தது. மேட்டுநில விளிம்பைத் தாண்டி விழுந்த அந்த விமானத்தில் 21 பேர் உயிரிழந்தனர்.

இறக்கையைக் கொல்ல வேண்டும்

சக்கரம் தொட்டுவிட்டது. ஆனால் 136 நாட் வேகத்தில் இறக்கை இன்னும் விமானத்தின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சக்கரத்தின் மேல் எடை இல்லாமல் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பிடிமானம் இருக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஜன்னலோரம் இறக்கைக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கலாம்: தொட்ட மறுநொடியே இறக்கையின் மேற்பரப்பில் பலகைகள் சடாரென்று நிமிர்ந்து நிற்கும். இவைதான் ஸ்பாய்லர்கள். காற்றைத் தடுப்பது இவற்றின் துணை வேலை. முதன்மை வேலை, இறக்கை மேல் ஓடும் காற்றோட்டத்தைக் கலைத்துத் தூக்குவிசையை அழிப்பது. தூக்குவிசை போனதும் எடை சக்கரத்தில் இறங்கும். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும்.

ஸ்பாய்லரும், எஞ்சின் காற்றை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸரும் தவறுதலாக வானில் திறந்துவிடக் கூடாது. 1991 மே 26 அன்று தாய்லாந்தின் மேல் ஏறிக்கொண்டிருந்த போயிங் 767 ஒன்றின் ரிவர்ஸர் தானாகத் திறந்துகொண்டதில் 223 பேர் இறந்தனர். எனவே தரையைத் தொட்டாயிற்று என்று கணினி உறுதியாக நம்பினால் மட்டுமே இவை இயங்கும். எதை வைத்து நம்புவது?

தொடக்ககால ஏ320 வடிவமைப்பில் ஸ்பாய்லர் விரிய இரண்டு வழிகள் வைத்திருந்தார்கள்: இரு பக்க அண்டர்கேரேஜ் கால்களிலும் தலா 6.3 டன் எடை ஏற வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் வேகத்துக்கு மேல் சுழல வேண்டும். ரிவர்ஸர் திறக்க இரண்டு கால்களும் அமுங்கியிருக்க வேண்டும். 1993 செப்டம்பர் 14, போலந்தின் வார்சா. ஒரு ஏ320 இறங்க வந்தது. காற்று மாறும் என்ற எச்சரிக்கையால் விமானிகள் கூடுதல் வேகத்தோடு, பக்கக்காற்றுக்கு ஈடாக வலது பக்கம் சாய்த்து வந்தார்கள். எதிர்பார்த்த பக்கக்காற்று இல்லை, பின்காற்று இருந்தது. ஓடுபாதை நனைந்து கிடந்தது. முதலில் வலக்கால் தொட்டது. இடக்கால் தொட 9 நொடிகள் ஆயின. அதுவரை ஸ்பாய்லர் இல்லை, ரிவர்ஸர் இல்லை; தண்ணீரின் மேல் சறுக்கிய சக்கரங்கள் வேண்டிய அளவு சுழலவுமில்லை. 700 மீட்டருக்கும் அதிகமான ஓடுபாதை வீணாயிற்று. 2,800 மீட்டர் ஓடுபாதையைத் தாண்டி ஒரு மண்மேட்டில் மோதிய விமானத்தில் இருவர் இறந்தனர். கணினி தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. இந்த விபத்துக்குப் பிறகு அந்த எடை வரம்பு குறைக்கப்பட்டது.

நனைந்த ஓடுபாதையில் சக்கரம் ஏன் சுழல மறுக்கிறது? டயருக்கு முன்னால் குவியும் தண்ணீர் போதிய வேகத்தில் ஒதுங்க முடியாவிட்டால் டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். நாசா சோதனைகளில் கிடைத்த எளிய சூத்திரம் ஒன்று: டயர் அழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், அந்த மிதப்பு தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். டயர் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ. என்றால் 127 நாட். இன்னும் சுழலத் தொடங்காத சக்கரத்துக்கு 9 க்குப் பதில் 7.7, அப்போது 109 நாட் போதும். தரையிறங்கும் வேகம் 136. ஆகவே தேங்கிய நீரில் மெதுவாகத் தடவியபடி இறங்குவதுதான் மிக மோசமான வழி. மழையில் விமானி சற்று அழுத்தமாக இறக்கினால், அது டயரை நீர்ப்படலத்தைக் கிழித்துத் தரையைத் தொடச் செய்வதற்காக. முதுகில் படும் அந்த அதிர்வு நல்ல வேலைக்கு அடையாளம்.

ஓடுபாதையின் பக்கமும் வேலை இருக்கிறது. நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தண்ணீர் ஓட மெல்லிய சரிவு கொடுத்திருப்பார்கள். குறுக்கே 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழத்தில், 38 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் காடிகள் வெட்டப்படுவதும் உண்டு. ஒவ்வொரு விமானமும் தொடும்போது, அசையாமல் இருந்த டயர் ஒரே நொடியில் 70 மீட்டர் வேகத்துக்குச் சுழல வேண்டியிருப்பதால் புகைந்து ரப்பரை உரித்து விட்டுப்போகும். அந்த ரப்பர் காடிகளை அடைக்கும். உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி அவ்வப்போது சுரண்டியெடுக்காவிட்டால், எல்லோரும் தொடும் இடமே மழையில் மிக வழுக்கலான இடமாகிவிடும். 2021 நவம்பர் முதல் உலகெங்கும் ஓடுபாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை எண் கொடுத்து விமானிக்குச் சொல்கிறார்கள். உலர்ந்திருந்தால் 6. நனைந்திருந்தால் 5. நீரின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் நேராக 2.

வெப்பமாக மாறும் வேகம்

ரிவர்ஸரின் உறுமலைக் கேட்டு அதுதான் விமானத்தை நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் பின்னோக்கிச் சுழல்வதில்லை. எஞ்சின் உறையின் ஒரு பகுதி பின்னால் நகர, உள்ளே கதவுகள் மடங்கி விசிறிக் காற்றின் வழியை மறிக்க, அந்தக் காற்று பக்கவாட்டுச் சட்டங்கள் வழியாக முன்னோக்கித் திரும்புகிறது. நடுவே எரிந்து வரும் சூடான காற்று வழக்கம்போலப் பின்னால்தான் போகும். ரிவர்ஸர் அதிவேகத்தில் நன்றாக உதவும். 70 நாட் அளவுக்கு வந்ததும் தணித்துவிடுவார்கள், இல்லையென்றால் கிளப்பிய தூசியையும் கல்லையும் எஞ்சினே விழுங்கும். உலர்ந்த ஓடுபாதைக்கான சான்றளிப்புத் தூரத்தில் ரிவர்ஸர் கணக்கிலேயே சேராது. ஏ380 விமானத்தின் நான்கு எஞ்சின்களில் உள்பக்க இரண்டுக்கு மட்டுமே ரிவர்ஸர் உண்டு.

நிறுத்துவது பிரேக்தான். ஏ320 இல் தானாகப் பிரேக் பிடிக்கும் ஆட்டோபிரேக்கை 'மீடியம்' நிலையில் வைத்தால், நொடிக்கு நொடி வேகத்தை 3 மீட்டர் குறைக்கும். 70 மீட்டர் வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 820 மீட்டர். 'லோ' நிலையில் 1.7 மீட்டர், ஏறத்தாழ 1,440 மீட்டர். ஆட்டோபிரேக் பிடிப்பது அழுத்தத்தை அல்ல, வேகக் குறைவை. ரிவர்ஸர் உதவினால் பிரேக் அந்த அளவுக்குத் தளர்ந்துகொள்ளும். ஆகவே உலர்ந்த தரையில் ரிவர்ஸரால் தூரம் பெரிதாகக் குறையாது, பிரேக்கின் சூடுதான் குறையும். வழுக்கும் தரையில் நிலைமை தலைகீழ்: பிரேக்கால் கேட்ட அளவைக் கொடுக்க முடியாதபோது ரிவர்ஸரின் ஒவ்வொரு நியூட்டனும் ஓடுபாதையை மிச்சப்படுத்தும்.

இரவில் ஓடும்போது நடுக்கோட்டு விளக்குகள் மிச்சத்தைச் சொல்லும். கடைசி 900 மீட்டரில் வெள்ளையும் சிவப்பும் மாறிமாறி வரும். கடைசி 300 மீட்டர் முழுச் சிவப்பு.

விமானம் நின்ற பிறகும் அந்த மெகாஜூல்களில் பெரும்பங்கு சக்கரங்களுக்குள் அடுக்கியிருக்கும் கார்பன் தட்டுகளில் வெப்பமாக இருக்கிறது. அது மெல்லப் பரவுவதால், பிரேக் வெப்பநிலைக் காட்டி உச்சத்தைத் தொடுவது ஓடுபாதையில் அல்ல, விமானம் தன் இடத்தில் வந்து நின்று சில நிமிடங்கள் ஆன பிறகு. ஏ320 இல் 300 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் அடுத்த பயணத்துக்குப் புறப்பட முடியாது. சூடான பிரேக்கோடு சக்கரத்தை உள்ளிழுத்து, ஹைட்ராலிக் திரவம் கசிந்து அதன் மேல் பட்டால் தீப்பிடிக்கும். வெப்பம் சக்கர வளையம் வரை ஏறிவிட்டால், வளையத்தில் பதித்திருக்கும் உருகு அடைப்பான்கள் உருகி, டயரில் அடைத்த நைட்ரஜனை வெளியேற்றிவிடும், டயர் வெடிக்காமல் இருக்க. பிரேக் கடுமையாகச் சூடேறியிருக்கும்போது தரைப் பணியாளர்கள் சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டுமே நெருங்குவார்கள். வளையம் சிதறினால் துண்டுகள் பாய்வது அச்சின் திசையில், பக்கவாட்டில்.