மெத்தை இருக்க முட்டை அட்டை எதற்கு?

காலியான அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பிறகும் 'ட்ர்ர்ர்' என்று ஒரு அதிர்வு காதில் ஓடும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியை மாறி மாறித் திருப்பி அடிக்கின்றன. பேசும்போது நம் மூளை அதை ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு அந்தத் தயவு கிடையாது. பதிவைக் கேட்டால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

வீட்டில் குரல் பதிவு செய்யும் பலர் இதை அடக்க முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒலி என்பது காற்றின் அசைவு. கம்பளி, ராக் வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) போன்றவற்றின் இழைகளுக்குள் அந்தக் காற்று புகும்போது உரசுகிறது. அசைவு துளியளவு வெப்பமாக மாறிவிடுகிறது. ஒலியை உறிஞ்சுவது என்றால் இதுதான். மெல்லிய அட்டையில் உரசுவதற்கு இடமே இல்லை.

1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. அரங்க ஒலியியல் என்ற துறையே இப்படித்தான் பிறந்தது. வீட்டு மெத்தையை அறைக்குள் இழுத்துப் போட யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் தடிமன் முக்கியம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதனால் 1,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,000 முறை அதிரும் அலையின் நீளம் 34 செ.மீ.; ஆண் குரலின் அடித்தளமான 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர். ஒரு அங்குல ஃபோம் 's' போன்ற கூர்மையான ஓசைகளைத் தின்றுவிடும், கீழ் ஒலியை, அதாவது தாழ்ந்த சுருதியைத் தொடக்கூட முடியாது. அறை முழுக்க அதை ஒட்டினால் குரல் தெளிவிழக்கும், 'பூம்' மட்டும் அப்படியே நிற்கும்.

இங்கேதான் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. சுவரை ஒட்டிய காற்றால் முன்னும் பின்னும் அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. அசைவு உச்சத்தில் இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி, அதாவது 1,000 ஹெர்ட்ஸுக்கு 8.5 செ.மீ. தூரத்தில். அசையாத காற்றை எப்படி உரசுவது? ஆகவே 10 செ.மீ. தடிமனுள்ள ராக் வூல் பலகையைச் சுவரில் ஒட்டாமல் இன்னொரு 10 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். அதே பலகை இன்னும் கீழே உள்ள ஒலிகளையும் பிடிக்கும். கீழ் ஒலிகள் அதிகம் குவிவது மூலைகளில். இருக்கிற பலகைகளில் தடிமனானவற்றை அங்கே குறுக்காக நிறுத்துங்கள்.

மரச்சட்டம் அடித்து, ராக் வூலை வைத்து, துணியால் மூடினால் பலகை தயார். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம், இழைகள் தோலில் அரிக்கும்.

பலகை செய்யவும் வழியில்லையா? ஒரு கனமான கம்பளியைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். நிறைய பேர் மைக்கின் பின்புறம் வைக்கிறார்கள். கார்டியாய்டு என்ற வகை மைக் தன் முன்னால் இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும். அதன் முன்னால் இருப்பது நீங்களும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரும். அப்புறம், மைக்கை நெருங்குங்கள். தூரம் பாதியானால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும், எதிரொலி அப்படியே இருக்கும்.

இவை எதுவும் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும், செலவும் வேறு. தெரு அடங்கிய பிறகு பதிவு செய்வதுதான் மலிவான வழி. சபைனும் அதற்காகத்தான் இரவில் வேலை செய்தார்.